அந்த மர்மக் குரல் என்னுடையதுதான், ஐயா

'மாலைக் கலங்கரை' நாளிதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கல்மண்டபம் ஐஸ் கிடங்குச் சந்திலிருந்து சி. ஹில்டாமேரி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு மெஷினும் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். முழங்காலைப் பற்றிக் கடைசியில் இடம் இருந்தால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்தாம் வகுப்பு என்றால் இந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு அல்ல. சொல்வதெழுதுதலில் ஒரு ஒற்று விட்டால் சிஸ்டர் விரல் முட்டியிலேயே போடுவார். அதனால் தைரியமாக எழுதுகிறேன். தங்கள் பத்திரிகையை இருபத்தெட்டு வருடமாகப் படிக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்ற காலத்திலும், படித்து முடிக்காத தாளில் ஒருத்தருக்கும் மீன் சுற்றிக் கொடுத்ததில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பிலேயே இரண்டு விஷயம் போட வேண்டும். ஒன்று, தாங்கள் முதல் பக்கத்தில் போட்ட 'மர்மக் குரல்' மெஷின் அல்ல, நான்தான். இரண்டு, என் பேரன் ஜெரி பன்னிரண்டு கிலோ. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அங்கன்வாடி ஜானட் டீச்சரை ஆபீசுக்கு வரச்சொல்லி விசாரிக்கப் போகிறார்கள். அதற்குள் தாங்கள் போடாவிட்டால், பதினோரு வருடம் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்ட பெண்ணுக்கு வேலை போய்விடும். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவள் நான். அதிலும் பாதிதான் நான். மீதிப் பாதி இருமல்.

வரிசையாகச் சொல்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை, நான் சுறாவை வேகவைத்துப் புட்டுக்கு உதிர்த்துக்கொண்டிருந்தபோது ஜானட் டீச்சர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. "ஆயா, கோச்சிக்காத. ஜெரி பத்து கிலோ எண்ணூறுதான் கீறான். மூணு வயசுக்கு இது பத்தாது. வர்ற வியாயக்கெயம டாக்டர் வண்டி வருது, எல்லாப் புள்ளைங்களுக்கும் எட பாக்கறாங்க. கம்மியா கீற புள்ளைங்களுக்குத் தனியா முட்ட, சத்துமாவு, மருந்து எல்லாம் உண்டு. நீயே இட்டுக்கினு வந்துடு" என்றது. ஐயா, எங்கள் வீட்டில் எடை குறைந்த ஆள் என்று ஒருவரும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் சிலுவைமுத்து, துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர், ஒருமுறை பூசையில் அழுத்தி உட்கார்ந்ததில் கோயில் பெஞ்சு இரண்டாகி, பாதர் புதுப் பெஞ்சு செய்தார். அந்தப் பெஞ்சு இன்றைக்கும் இருக்கிறது. என் மகன் நெல்சன் பிறந்தபோது நர்சம்மா இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். "எம் பேரனா எட கம்மி? உன் தராசுல இன்னாமோ கோளாறு" என்றேன். "தராசுல இல்ல ஆயா, சோத்துல" என்றது. "இன்னா சோத்துல? சொறா குடுக்கறேன், நண்டு குடுக்கறேன், நெத்திலி குடுக்கறேன்." "நீ குடுக்கற. அவன் துன்றானா?" நான் உள்ளே திரும்பிக்கொண்டேன். அடுப்பில் வேலை இருந்தது.

மனசு ஆறவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தால்தானே யார் பிள்ளை கனம் என்று ஊருக்குத் தெரியும்? அதனால் புதன்கிழமை காலையில் 'கல்மண்டபம் அன்பு உறவுகள்' வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எழுதுவதென்றால் கண்ணாடி தேட வேண்டும், அதனால் மைக்கை அழுத்திக்கொண்டு பேசினேன். பேசியது அப்படியே இது: "எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலைல அங்கன்வாடிக்கு வண்டி வருது. புள்ளைங்க எல்லாத்தையும் தூக்கப் போறாங்க. ஜானட் டீச்சரே எங்கைல சொல்லிச்சு. ஒர்த்தரையும் வுட மாட்டாங்களாம். வூட்ல குந்த வெச்சிக்கினு இருந்தாலும் தேடி வந்து தூக்குவாங்களாம்." இந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது. இருமும்போது விரல் வழுக்கியது. விரல் வழுக்கினால் அந்தப் போன் பேசினதை அதுபாட்டுக்கு அனுப்பிவிடும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைத் தனியாகப் பேசி அனுப்பினேன்: "அதனால காலைலயே புள்ளைங்களுக்கு வயிறு ரொம்ப இட்லி குடுத்து இட்டுக்கினு வாங்க. அப்பதான் தராசுல எட கூட காட்டும்." இந்த இரண்டாவதை இன்று வரை யாரும் கேட்கவில்லை. ஊரே கேட்டது முதலாவதைத்தான்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். காசிமேட்டு ஏலத்தில் மீனைத் தராசில் வைத்து எடை பார்ப்பதைத் தூக்குவது என்றுதான் நாங்கள் சொல்வோம். "இத்தத் தூக்கு" என்றால் எடை போடு என்று அர்த்தம். நாற்பது வருடம் அந்த வார்த்தையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் எங்கள் சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள் தெற்கே இருந்து வந்தவள். அவர்கள் ஊரில் எடை பார்ப்பதை நிறுப்பது என்பார்களாம். இது எனக்கு அப்போது தெரியாது. அவள் முதலாவதைக் கேட்டுவிட்டு, கடையில் நின்ற ஆறு பேருக்கும் போட்டுக் காட்டி, சிவப்பு விளக்குப் படம் மூன்றும் 'அவசரம், உடனே பகிரவும்' என்று ஒரு வரியும் சேர்த்துத் தன் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். பிறகு கேட்டதற்கு, "எக்கா, தூக்குதாவன்னா நான் என்னன்னு நெனைப்பேன்? நிறுக்குதாவன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நான் வடை போட்டுட்டுல்லா இருந்திருப்பேன்" என்றாள்.

அது போன வேகத்தைக் கேளுங்கள். பதினோரு மணிக்கு விம்கோ நகர், பன்னிரண்டுக்கு எண்ணூர், சோறு வடிக்கும் நேரத்தில் வள்ளூர். இரண்டரை மணிக்குத் திருவொற்றியூர் நாத்தனாரிடமிருந்து என் போனுக்கே வந்துவிட்டது. இப்போது சிவப்பு விளக்கு ஒன்பது. கேட்டேன். யாரோ ஒரு கிழவி, பாவம், மூச்சு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கப் போகிறார்கள் என்கிறாள். ஐயா, தன் குரலைத் தானே வெளியே இருந்து கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. தங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தாங்களும் பேசிப் பாருங்கள். நானும் முதலில் அதை ஐந்து பேருக்கு அனுப்பினேன். பிறகு அங்கன்வாடிக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த ஜெரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். அந்தக் குரலில் ஜானட் டீச்சர் பெயர் வருகிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இத்தனை நாள் நல்லவள் மாதிரி இருந்தாளே என்றும் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அங்கன்வாடி வாசலில் நூறு பேருக்குக் குறையாது. முன்வரிசையில் துடைப்பத்தோடு நான். டாக்டர் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாத்துக்கு வந்துகீற?" என்று யாரோ கேட்டார்கள். வண்டி ஓட்டி வந்த பஷீர் காசிமேட்டுப் பையன். வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு, "புள்ளைங்களத் தூக்கதாம்மா" என்றான். அவ்வளவுதான். அந்த வார்த்தையை நாற்பது வருடம் பேசிய நானே அன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம் கொண்டேன். வண்டிக் கண்ணாடி உடைந்தது. டாக்டரம்மா உள்ளேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கதவுப் பக்கம் திரும்பியது. உள்ளே பதினோரு பிள்ளைகள். ஜானட் டீச்சர் இரண்டு கையையும் விரித்துக் கதவில் நின்றுகொண்டு, "அப்பன் ஆத்தா ஒர்த்தொர்த்தரா வாங்க, அவங்கவங்க புள்ளய இட்டுக்கினு போங்க. கும்பலா உள்ள வரணும்னா என்னத் தாண்டிதான் வரணும்" என்றது. யாரோ தள்ளியதில் முழங்கை சுவரில் மோதி வீங்கிப்போனது. கை மட்டும் இறங்கவில்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்தது. "ஆயா, நீயுமா?" என்றது. நான் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. போகும்போது குழந்தைகளை எடை பார்க்கும் தராசைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அது இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் என் மருமகள் ரூத் கம்பெனி வேலை முடித்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே போனில் அதைக் கேட்டாள். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். "அத்த, இது உன் கொரலு." "சீ, இது யாரோ பல்லு போன கெயவி." "அதான் நானும் சொல்றேன்." பிறகு எங்கள் குரூப்பில் புதன்கிழமை வந்ததைத் தேடி, அது என் பெயரில் இருப்பதைக் காட்டினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி அன்றைக்கு வந்ததுதான்.

இனி மற்றவர்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் போலீசார் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அனுப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் பக்கம் எப்போதும் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி போய்க்கொண்டிருக்கும். "குழந்தைகளைக் கடத்தும் கும்பல் நடமாடுவதாக" என்பது வரை தெளிவாகக் கேட்டது. அடுத்து லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். "வரும் தகவலை நம்ப வேண்டாம்" என்பது கடலுக்குப் போய்விட்டது. மூன்று சுற்று வந்தார்கள், மூன்று சுற்றும் லாரி. அதுவரை நம்பாதவர்களும் அன்றைக்குப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார்கள். "போலீசே சொல்லிட்டாங்க" என்றார்கள்.

அடுத்த நாள் அங்கன்வாடி ஆபீசிலிருந்து விளக்க அறிக்கை வந்தது. அங்கன்வாடிக் கதவில் ஒட்டினார்கள். எல்லாரும், "ஆயா படிச்சவ, ஆயா படிக்கட்டும்" என்று என்னை முன்னால் விட்டார்கள். 'பயனாளிகளின் உடல்நிறை அளவீட்டு நிகழ்வு தொடர்பாகச் சமூக ஊடகங்களில் உலாவரும் உறுதிப்படுத்தப்படாத ஒலிப்பதிவின் அடிப்படையில்' என்று ஆரம்பித்து ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி இரண்டாம் பக்கத்தில். மூன்று தடவை படித்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, அதை நான் மறைக்க மாட்டேன். "என்னக்கா போட்டிருக்கு?" என்றாள் இசக்கியம்மாள். "பயனாளிய அளக்கறாங்களாம்." "அது யாரு, வெளியூர்க்காரனா?" பயனாளி என்றால் நம் பிள்ளைதான் என்று கடைசி வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ ஆளி என்று ஒருவன் வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பியதுதான் மிச்சம்.

பிறகு டிவிக்காரர்கள். 'கல்மண்டபத்தில் குழந்தைக் கடத்தலா?' என்று சிவப்பில் போட்டார்கள். வாசலில் மைக் நீட்டிய பிள்ளையிடம், "கடத்தல் இல்லன்னு தெரிஞ்சும் ஏம்பா போடற?" என்றேன். "அதான் கேள்விக்குறி போட்டிருக்கோமே பாட்டிம்மா" என்றான். மறுநாள் 'வெறும் வதந்தியா?' என்று போட்டார்கள். அதற்கும் கேள்விக்குறி. இன்டர்நெட்டில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் சிலர் இருக்கிறார்களாம். அவர்கள் இது பொய் என்று இங்கிலீஷில் ஒரு சிவப்பு முத்திரை போட்டார்கள். அதை ஜானட் டீச்சர் போட்டோ மேலேயே குறுக்காகக் குத்தியிருந்தார்கள். ரூத்துக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியும். மற்றவர்கள், "டீச்சரே டூப்ளிகேட்டாம்பா, கவர்மெண்டே முத்திரை குத்திட்டான்" என்று அதையும் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை ராத்திரி டிவியில் நாலு கட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து விவாதம். அதில் டை கட்டிய ஒருவர், இந்தக் குரல் மனிதக் குரலே அல்ல, கம்ப்யூட்டரில் செய்தது என்றார். ஆதாரம் என்ன என்று கேட்டால், வார்த்தைக்கு வார்த்தை நடுவில் 'உஸ் உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதாம், அது மெஷின் சத்தமாம். ஐயா, அது என் முன்பல் இரண்டு விழுந்த இடம். மேலும், இந்தக் குரலில் உணர்ச்சியே இல்லை என்றார். நாற்பது வருடம் ஏலத்தில் கத்திய தொண்டை இது. என் குரலில் உணர்ச்சி இல்லை என்று என் வீட்டுக்காரர்கூடச் சொன்னதில்லை. மறுநாள் தங்கள் பத்திரிகையில் 'செயற்கைக் குரலின் பின்னணியில் வெளிநாட்டுச் சதி?' என்று வந்தது. பக்கத்திலேயே என் பேரன் படம். 'பீதியில் உறைந்த சிறுவன்' என்று கீழே எழுதியிருந்தீர்கள். அவன் பீதியில் உறையவில்லை. ரூத் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டதற்காக அழுதான். அந்தப் படத்தில் மிகவும் மெலிந்து தெரிகிறான், அதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், "அந்தக் கொரலு என்னுது, எம்மேல எழுதிக்கோங்க, டீச்சர வுட்டுடுங்க" என்றேன். ரைட்டர் நிமிரவே இல்லை. "ஆயா, அது கம்ப்யூட்டர் கொரலுன்னு டிவிலயே சொல்லிட்டாங்க. நீ கம்ப்யூட்டரா?" என்றார். அந்த இடத்திலேயே நின்று முழுவதையும் பேசிக் காட்டினேன், இருமல் உட்பட. அங்கிருந்த கான்ஸ்டபிள் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், அச்சு அசலா அதே மாதிரி கீது" என்றார். "அதான்யா அந்த மெஷினோட வேல. இந்த மாதிரி கெயவிங்க கொரல வெச்சிதான் செய்றானுங்க. ஆயா, நீ பாதிக்கப்பட்டவ, வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆபீசில் எழுத்துமூலமாகக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பயனாளி அல்லாதவர் மனு கொடுக்க வேறு படிவமாம். தங்கள் நிருபர் ஜெனிஷ் தம்பியிடமும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "ஆயா, வெளிநாட்டுச் சதின்னு எழுதிட்டேன். இப்ப ஐஸ் கிடங்குச் சந்து ஆயான்னு எப்படி எழுதுறது?" என்றான். நல்ல பையன்தான். போகும்போது என் முழங்காலுக்குத் தைலம் பெயர் சொன்னான்.

இத்தனைக்கும் நடுவில் ஜானட் டீச்சருக்கு ஓலை வந்துவிட்டது. பொதுமக்களிடையே பீதி உண்டாகும் வகையில் தகவல் அளித்தது ஏன் என்று திங்கட்கிழமை விளக்கம் சொல்ல வேண்டுமாம். ஐயா, ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கே இது பிடிபடவில்லை. குரல் மெஷின் குரல் என்கிறார்கள். அந்தக் குரல் 'ஜானட் டீச்சரே எங்கைல சொல்லிச்சு' என்கிறது. அப்படியானால் ஜானட் டீச்சர் தகவலை மெஷினிடமா சொன்னது? இந்தக் கேள்வியைத் தாங்கள் தங்கள் பாஷையில் அழகாகப் போட வேண்டும். கேள்விக்குறியும் போடலாம், ஆட்சேபணை இல்லை.

இருபத்து மூன்று பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது நாலு பிள்ளைகள் வருகிறார்கள். ஜானட் டீச்சர் வீங்கிய கையோடு அந்த நாலு பேருக்கும் இருபத்து மூன்று பேருக்குப் பாடுகிற சத்தத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. சந்து முழுக்கக் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே என்னால் மீன் கழுவ முடியவில்லை.

இந்த வியாழக்கிழமை ஆபீசர் அம்மா, மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று அங்கன்வாடி வாசலிலேயே எல்லார் முன்னாலும் எடை பார்க்க ஏற்பாடு செய்தார். தராசு ஸ்டேஷனில் இருப்பதால் இசக்கியம்மாள் தன் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அது அவள் கேட்ட மன்னிப்பு. ஆனால் முதல் பிள்ளையை ஏற்ற ஒருவரும் வரவில்லை. எல்லாரும் எட்ட நின்றார்கள். நான் ஜெரிக்குப் புது நிக்கர், கோட்டு எல்லாம் போட்டு, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து தராசில் நிறுத்தி, "எம் பேரனத் தூக்குங்க" என்று கத்திச் சொன்னேன். சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பயம் போய்விட்டது. எடை எவ்வளவு தெரியுமா? பன்னிரண்டு கிலோ! பத்தே நாளில் ஒரு கிலோ இருநூறு! ஜானட் டீச்சர் முள்ளைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "சட்டையெல்லாம் கயட்டிட்டு இன்னொரு தபா பாக்கலாமா ஆயா?" என்றது. "சளி புடிக்கும்" என்று இறக்கிவிட்டேன். ஆபீசர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வதந்திக்கு இதைவிடப் பதில் வேற என்னம்மா வேணும்? இந்த ஒரு குழந்தை போதும். ஜானட் மேல ஒண்ணும் வராமப் பாத்துக்கலாம்" என்றார். தாங்களும் நேற்று, 'பத்து நாளில் எடை கூடிய ஜெரி' என்று மூன்றாம் பக்கத்தில் போட்டீர்கள். அதை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பதுதான் என் இரண்டாவது கோரிக்கை. எங்கள் குடும்பத்தின் கனம் இப்போது ஆபீஸ் ரிக்கார்டில் இருக்கிறது. ஜானட் டீச்சரின் வேலையும் அதில்தான் தொங்குகிறது.

ஆகவே எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்து, பாதி கேட்டதைப் பாதியோடு விடாமல் மீதியையும் தேடிக் கேட்டு, சரியான எடையை மட்டுமே போடும்படி தங்களை வயதில் மூத்தவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பேனாவுக்கும் கண்ணுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கட்டும். ஜெனிஷ் தம்பிக்கு என் அன்பைச் சொல்லவும். முழங்கால் தைலத்துக்குக் கேட்கவில்லை என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
உண்மை மறவாத
சி. ஹில்டாமேரி
(ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி)

பின்குறிப்பு: ஐயா, மேலே உள்ளதை மடித்துக் கவரில் போட்டு, கொண்டுவந்து கொடுக்க நெல்சனைச் சட்டை மாட்டச் சொன்ன பிறகு இதை எழுதுகிறேன். ரூத் துணி துவைக்கப் போனவள் கொல்லையிலிருந்து, "அத்த, இன்னா இது, நிக்கருல மணி அடிக்குது?" என்று கத்தினாள். இனி மறைத்துப் பயனில்லை. வலையில் கட்டும் ஈயக் குண்டு, நூறு கிராம் ஒன்று, பதினான்கு. நிக்கர் இடுப்பிலும் கோட்டு மடிப்பிலும் துணிக்குள் துணி வைத்து நானே தைத்தேன். பிள்ளை வாயில் போகாதபடி இரட்டைத் தையல். ரூத் பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் துவைக்கிற கல்லில் வரிசையாக வைத்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஜானட் டீச்சர் வந்து நின்றது. "எனக்கு அன்னிக்கே தெரியும் ஆயா. நங்கூரம் போட்ட படகு மாதிரி நடந்தான்" என்றது. "அப்ப ஏம்மா சொல்லல?" "அத்தினி பேரு முன்னால உன் மூஞ்சப் பாத்தேன், சொல்ல வரல. ஆனா பன்னெண்டு கிலோன்னு மேல எய்திட்டாங்க. திங்கக்கெயம டாக்டரம்மா வர்றாங்க, எட கம்மி லிஸ்ட்ல இவன் பேரு இல்ல. தெனமும் குடுக்கற தனி முட்டையும் கட்டு." "இத்தச் சொன்னா உன் வேல போய்டுமே?" என்றேன். "அத்தத் திங்கக்கெயம பாத்துக்கலாம். மொதல்ல இவன நெசமா தூக்கு" என்றது. இசக்கியம்மாள் கடைத் தராசில் துணியில்லாமல் எடை பார்த்தோம். பத்து கிலோ அறுநூறு. நான் வீட்டிலேயே பூட்டிவைத்த பத்து நாளில் இருநூறு கிராம் இறங்கியிருக்கிறான். நான் கொடுத்த சுறா எல்லாம் ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போயிருக்கிறது.

ஆகையால் என் இரண்டாவது கோரிக்கையை அடித்துவிட்டு, பத்து கிலோ அறுநூறு என்று அதே பெரிய எழுத்தில் போடவும். கேள்விக்குறி வேண்டாம். திங்கட்கிழமை பத்து மணி விசாரணைக்கு ஜானட் டீச்சரோடு நானும் ஜெரியும் போகிறோம். அங்கேயே எல்லார் முன்னாலும் வெறும் உடம்போடு தூக்கச் சொல்லப்போகிறேன். அந்தக் குரலையும் இருமலோடு பேசிக் காட்டுவேன். தாங்களும் ஆள் அனுப்பவும்.

சாட்சிப் பொருளாகப் பதினான்கையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கவரைக் கையில் வாங்கியதும், இவ்வளவு கனமாக யார் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அது எழுத்து இல்லை ஐயா, ஈயம்.